ஒரு போத்தல் பிரேக் எண்ணெய்

ரதியின் கணவர் புனிதனுக்கு ஐம்பத்தொரு வயது. பகாவ் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த பஸ்ஸின் வேகமுள் நாற்பதைத் தாண்டியதில்லை. பின்னால் வரும் செம்பனை லாரிக்காரன் ஹார்ன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவான். இப்படிப்பட்ட மனுஷன், ஞாயிற்றுக்கிழமை செப்பாங் ஓடுதடத்தில் நூற்றறுபதில் போகப் போகிறேன் என்று கார் போர்ச்சில் ஒரு குட்டிக் காரைத் தூக்கி நிறுத்தி அதன் அடியில் கிடந்தால், கட்டிக்கொண்டவள் என்னதான் செய்வாள்? ரதி சனிக்கிழமை காலை சாமிக்கு இரண்டு முறை விளக்கேற்றினாள். அதுவும் போதாது என்று பட்டது.

அது பந்தயம்கூடக் கிடையாது. பெயர் பதிந்துகொண்டவர்கள் அவரவர் காரைக் கொண்டுபோய், போலீஸ் பயமில்லாமல், ஆசை தீர நாள் முழுக்கச் சுற்றலாம். 'டிராக் டே' என்று அதற்குப் பெயர். பரிசு இல்லை, மாலை இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. இதற்கு முன் இரண்டு முறை இவர் பெயர் பதிந்து, இரண்டு முறையும் போக முடியாமல் போயிற்று. ஒருமுறை நோய்க்காலத்து நடமாட்டக் கட்டுப்பாடு, இன்னொரு முறை மகள் ஷாமினியின் கல்யாணம். இந்தத் தடவையும் விட்டால் அப்புறம் முதுகு விடாது என்று அவரே தன் வாயால் சொல்லிவிட்டார்.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டே சீட்டு, துணிக் கூரை, முப்பத்தைந்து வருஷத்துப் பழைய ஜப்பான் கார். எட்டு வருஷத்துக்கு முன் மந்தினில் ஒரு பட்டறையின் பின்னால் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அதற்கு இருக்கிற ஒரே பெருமை எடை குறைவு என்பதுதான். அந்தப் பெருமையும் போதாமல் புனிதன் மூன்று மாதமாக அதிலிருந்து எதையாவது கழற்றிக்கொண்டே இருந்தார். ஏர்கான் போயிற்று, ரேடியோ போயிற்று, தரைவிரிப்பு போயிற்று, ஸ்பேர் டயரும் போயிற்று. ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்து, ஐம்பத்தெட்டு கிலோ குறைத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டார்.

"ஸ்பேர் டயர கழட்டிட்டீங்க, சரி," என்று ரதி அவர் வயிற்றைக் காட்டினாள். "இந்த டயர எப்ப கழட்டப் போறீங்க? இதுலயே இருவது கிலோ இருக்கும் லா."

"அது டிரைவர் வெயிட்டு. அத யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் அவர்.

கழற்றியதெல்லாம் சரிதான், மாட்டியதில்தான் வந்தது வினை. வேகமாகப் போகிற காருக்கு பிரேக் நன்றாக இருக்க வேண்டும் என்று, இரும்புக் கம்பி பின்னிய புதுக் குழாய்கள் நான்கை வரவழைத்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே மாட்டினார். பழைய குழாயைக் கழற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றாவிட்டால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரைக்கும் அமுங்கும், கார் நிற்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரதியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை அமுக்கச் சொல்லி, இவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, ஒரு போத்தல் பிரேக் எண்ணெயைத் தீர்த்தார். பெடல் அப்போதும் தரைக்குத்தான் போயிற்று.

"ரெண்டு தடவ பம்ப் பண்ணா பிடிக்குது பாரு," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அங்க செக் பண்றவங்க வர்றப்ப ரெண்டு பம்ப் பண்ணிட்டுக் காட்டினா போச்சு."

"வளைவுல போறப்ப ரெண்டு தடவ பம்ப் பண்ண நேரம் இருக்குமா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் லா."

இந்தப் 'பாத்துக்கலாம்' ரதிக்குப் புதிதல்ல. இருபத்தேழு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். மனுஷன் அந்தப் பஞ்சுப் பெடலோடு போகத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன் தர்மேந்திரன். அவரோ அவள் கணவரிடம் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

தர்மேந்திரன் எஸ்டேட் செம்பனை எண்ணெய் மில்லில் பிட்டர், இயந்திரம் பழுதுபார்ப்பவர். மந்தினிலிருந்து அந்தக் காரைக் கொண்டுவந்தது புனிதன் மட்டுமல்ல, இரண்டு பேரும்தான். அப்புறம் ஐந்து வருஷம், ஞாயிறு தவறாமல், மச்சானும் மாப்பிள்ளையுமாக அதன் இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒரே தட்டில் தின்றார்கள், ஒரே துணியில் கை துடைத்தார்கள். பிறகு ஷாமினிக்குக் கல்யாணம் வந்தது. கெட்டது காரியம்.

பத்திரிகை வைக்கிற வாரம் பார்த்து ரதி டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். பத்திரிகை என்றால் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் தட்டு போக வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து, வாசலில் நின்று, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது. பகாவ், மந்தின், மம்பாவ் என்று ஊர் ஊராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த புனிதன், தினமும் முகம் பார்க்கிற மச்சான் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டதோடு சரி. அந்தக் குழுவில் நாற்பத்தாறு பேர். வீட்டுக்கு கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுவந்து போடுகிறவரும் அதில் ஒருவர். தாய்மாமனுக்கும் கேஸ்காரருக்கும் ஒரே விரலால் ஒரே நேரத்தில் அழைப்பு போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் ரதி கேட்டபோது, "எல்லாருக்கும் சொல்லியாச்சு," என்றார் மனுஷன்.

தர்மேந்திரன் கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளை ஒன்றுவிடாமல் செய்தார். பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தங்கை வீட்டுக்கு வருவார், தங்கையிடம் பேசுவார். மாப்பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. தீபாவளிக்கு எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "ஒங்கண்ணனுக்குக் கறி வேணுமான்னு கேளு," என்பார் இவர். "போதும்னு சொல்லு," என்பார் அவர். கேட்டும் சொல்லியும் ரதிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளின் பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். இவற்றுக்கு மட்டும் ஐம்பது வயதுக்கு மேல்.

சனிக்கிழமை காலை விளக்கேற்றிய கையோடு ரதி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பிரேக்கு தரைக்குப் போவுது. நாளைக்கு அப்படியே ஓட்டப் போறாராம்."

மறுமுனையில் மில்லின் இரைச்சல் கேட்டது. "மூணு மணிக்கு வர்றேன்," என்றார் தர்மேந்திரன். "நாலு சக்கரத்தையும் கழட்டி வைக்கச் சொல்லு."

மூன்று மணிக்கு மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மழைச்சட்டையைக் கழற்றி உதறினார். மாப்பிள்ளை நின்ற பக்கம் திரும்பாமல் நேராகக் காரின் அடியில் போய்ப் படுத்து, விளக்கைப் பிடித்து நான்கு குழாயையும் தடவிப் பார்த்தார்.

"குழாயெல்லாம் ஒழுங்காத்தான் மாட்டியிருக்காருன்னு சொல்லு," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "காத்து எடுத்த வரிசைதான் தப்பு. தூரத்துச் சக்கரத்துல இருந்து தொடங்கணும். பின்னால எடது, பின்னால வலது, அதுக்கப்புறம் முன்னால."

"வீடியோல பாத்த மாதிரிதான் செஞ்சேன்னு சொல்லு," என்றார் புனிதன்.

"அப்ப வீடியோக்காரனையே கூப்பிட்டுக்கச் சொல்லு."

ரதி இரண்டையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

"எண்ணெய் எத்தன போத்தல் இருக்குன்னு கேளு."

இருந்தது ஒன்றே ஒன்று. ஓடுதடத்தில் பிரேக் கொதிக்கிற சூட்டுக்குத் தாங்குகிற எண்ணெய் அது. சிரம்பானில் ஒரு கடையில்தான் கிடைக்கும், அந்தக் கடையும் சனிக்கிழமை மத்தியானம் மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும். பகாவ் கடைகளில் விற்கிற சாதாரண எண்ணெயை ஊற்றினால் நாலு சுற்றில் கொதித்துப்போய் மறுபடி பெடல் தரைக்குப் போய்விடும். தர்மேந்திரன் அந்தப் போத்தலைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "நாலு சக்கரத்துக்கும் மிஞ்சினா ரெண்டு சுத்து வரும். சிந்தக் கூடாது," என்று தங்கையிடம் கொடுத்தார்.

வேலை சின்ன வேலைதான், ஆனால் மூன்று பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். எண்ணெயோடு குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்துவிட்டால் போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது ஆள் முன்னால் நின்று, எண்ணெய்க் கிண்ணம் வற்றிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புனிதன் உள்ளே ஏறினார். தர்மேந்திரன் பின்சக்கரத்துப் பக்கம் படுத்தார். ரதி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு போத்தலோடு நின்றாள்.

"அமுக்கச் சொல்லு."

"அமுக்கச் சொல்றாரு."

"அமுக்கிட்டேன்னு சொல்லு."

"அமுக்கிட்டாராம்."

"தொறக்கறேன், பிடிச்சிக்கிட்டே இருக்கச் சொல்லு."

"பிடிச்சிக்கிட்டே இருக்க..." என்று ரதி தொடங்குவதற்குள் புனிதன் காலை எடுத்துவிட்டார். கீழே திருகில் மாட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் சர்ரென்று பின்னால் போயிற்று.

"யாரு எடுக்கச் சொன்னான்னு கேளு!"

"மூடிட்டாருன்னு நெனச்சேன்னு சொல்லு!"

இப்படியே இரண்டு சக்கரம் ஆயிற்று. சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒருமுறை அண்ணனுக்குப் பதில் சொல்லத் திரும்பியவள் கிண்ணத்தைப் பார்த்தால் அடியில் ஒரு சொட்டு நிற்கிறது, பதறிப்போய் ஊற்றினாள். போத்தலில் பாதி காலி. புனிதன் பெடலை அமுக்கிப் பார்த்தார். தரைக்குப் போயிற்று.

ரதி போத்தலை மூடிக் கீழே வைத்தாள்.

"போதும்!" என்றாள். பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கிற குரல் அது. "என் வாய் ஒங்க ரெண்டு பேருக்கும் தபால்பெட்டி இல்ல. பாதிப் போத்தல் போயிருச்சு. இனிமே எண்ணெய் ஊத்தறது மட்டும்தான் என் வேல. யாரு சொன்னதையும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க பேசிக்குவீங்களோ, இல்ல பேசாமயே இருந்து இந்த மனுஷன் நாளைக்கு அங்க செவுத்துல போயி மோதிக்குவாரோ, ஒங்க இஷ்டம்."

கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே சாலையில் செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. புனிதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மேந்திரன் ஊர்ந்து ஊர்ந்து மறுபடி பின்னால் இடது சக்கரத்துக்கே போனார். ஸ்பானர் திருகில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அமுக்கு."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சக்கரத்திடம் சொன்னதாகக்கூட வைத்துக்கொள்ளலாம். புனிதன் அமுக்கினார்.

"பிடி."

பிடித்தார். குமிழ்கள் வந்தன. திருகு மூடிற்று.

"எடு."

எடுத்தார். பிறகு மறுபடி அமுக்கு, பிடி, எடு. அந்த மூன்றே வார்த்தையில் முதல் சக்கரம் முடிந்தது. குமிழ் நின்று எண்ணெய் தெளிவாக வந்தது. ரதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை மட்டும் பார்த்தாள். ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

இரண்டாவது சக்கரத்தில் புனிதன் மெல்லக் கேட்டார். "இன்னும் காத்து வருதா?"

"வருது. மெதுவா அமுக்கு. ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"எனக்கு என்ன அவசரம்?"

"மாமன் வீட்டுக்கு நடந்து வர நேரமில்ல, போன்ல தட்டி அனுப்பிச்சிட்ட. பிடி." திருகு திறந்து மூடியது. "எடு."

புனிதன் எடுத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மில்லுல அத்தன பேரும் கேட்டானுங்க," என்று கீழிருந்து குரல் வந்தது. "மாமனுக்குத் தட்டு வந்துச்சா, தங்கச்சி வீட்டுல என்ன பழம் வச்சாங்கன்னு கேட்டானுங்க. வந்துச்சுன்னு பொய் சொன்னேன். ஆப்பிள், ஆரஞ்சுன்னு பேரெல்லாம் சொன்னேன். அமுக்கு."

ரதிக்கு இது தெரியாது. மூன்று வருஷத்தில் அண்ணன் அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. வாங்காத தட்டில் இருந்த பழத்துக்குப் பெயர் சொல்லிக்கொண்டு அத்தனை பேர் நடுவில் நின்றிருக்கிறார்.

"அன்னிக்கே வந்து என்னை நாலு அறை விட்டிருக்கலாமே மச்சான்," என்றார் புனிதன்.

"பிடி. ஒன்ன அறைஞ்சிட்டு நான் எங்க போவேன்? எடு."

முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு வந்தார்கள். இப்போது தர்மேந்திரன் ரதியின் காலடிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார். புனிதன் பெடலை அமுக்கினார். திருகு திறந்தது.

"எனக்குத் தோணவே இல்ல மச்சான்," என்றார் புனிதன். "சத்தியமா தோணல. தட்டு வைக்கறது மத்தவங்களுக்கு. கல்யாணம் நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்களும் நானும்தான் நடத்தறோம்னு இருந்துட்டேன். எனக்கு நானே தட்டு வச்சிக்குவனா?" ஸ்டீயரிங்கைப் பார்த்தே பேசினார். "தப்புதான். மூணு வருஷமா தெரியும் தப்புன்னு. எப்படி வந்து சொல்றதுன்னுதான் தெரியல."

கீழிருந்து 'எடு' என்று வரவில்லை. திருகு திறந்தபடி இருந்தது.

ரதி பானெட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். புனிதன் பெடலைத் தரையோடு அமுக்கி அப்படியே உட்கார்ந்திருந்தார். தொடை நடுங்கியது. நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. சற்று முன் திருகு மூடுவதற்குள் காலை எடுத்த அதே அவசரக்காரர், சொல்லாமல் காலை எடுக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கீழே அண்ணன் ஸ்பானரைப் பிடித்த கையின் முட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'அண்ணா, அவரு பிடிச்சிக்கிட்டே இருக்காரு' என்று ரதிக்கு நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு நிமிஷம் போயிருக்கும், இரண்டும் போயிருக்கும்.

ஸ்பானர் திரும்பியது.

"எடு மாப்ள," என்றார் தர்மேந்திரன்.

நான்காவது சக்கரம் எப்படி முடிந்தது என்று ரதிக்கு நினைவில்லை. அவர்கள் வேலையாகப் பேசிக்கொண்டே முடித்துவிட்டார்கள். போத்தலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிச்சம் நின்றது. புனிதன் பெடலை அமுக்கினார். பாதி வழிகூடப் போகவில்லை, கெட்டியாக நின்றுவிட்டது.

"கல்லு மாதிரி இருக்கு மச்சான்!"

"இன்னொரு தடவ அமுக்கு. பிடிச்சிரு. எறங்குதா?"

"அசையல."

சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கியபோது மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் ஏறிக்கொண்டு எஸ்டேட் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். கூரையை மடக்கிவிட்டதால், திருப்பம்வரைக்கும் இரண்டு தலைகளும் தெரிந்தன. ரதி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செம்பனை மரங்களுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் உறுமி ஏறியது. பிறகு டயர் கீச்சிட்டு ஒரே அமுக்கில் நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் கத்திக்கொண்டே வந்தார்கள். முன் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று சண்டை. வீடியோவில் இப்படிச் சொன்னான் என்கிறார் ஒருவர். அந்த வீடியோக்காரனைக் கொண்டுபோய் மில் கொதிகலனில் போடு என்கிறார் இன்னொருவர். ரதி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாக இந்தச் சண்டைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இருட்டுவதற்கு முன் தர்மேந்திரன் மோட்டாரை எடுத்தார். ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் தங்கை பக்கம் திரும்பி, "ரதி, நாளைக்கு எத்தன மணிக்குன்னு அவருகிட்ட..." என்று தொடங்கினார். ரதி காது கேளாதவள் மாதிரி கிளாஸ்களை எடுத்து அடுக்கினாள். அவர் ஒரு முறை இருமினார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்ள, நாளைக்கு எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்குக் கெளம்பணும் மச்சான். நான் வந்து கூட்டிக்கிறேன்."

"எதுக்கு? நானே மோட்டார்ல இங்க வந்துடறேன்."

"இல்ல மச்சான்," என்றார் புனிதன். "நான் வர்றேன். ஒங்க வாசல்ல எறங்கி நின்னு, வாய் நெறய மச்சான்னு கூப்பிடறேன்."

தர்மேந்திரன் ஹெல்மெட்டின் வாரை மாட்டினார். மாட்டியதையே மறுபடி மாட்டினார். "அந்நேரத்துல நீ வந்து கத்தினா லயத்து வீடு அத்தனையும் முழிச்சிக்கும் லா," என்றார்.

"முழிக்கட்டும் மச்சான். எல்லாரும் முழிச்சிப் பாக்கட்டும்."